வயலெற்றாவும் நாங்கள் நால்வரும்: கொவென்ற் கார்டனில் ஓர் இரவு

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். எமது கல்லூரியின் வரலாற்றை எழுத என்னிலும் தகுதியுடைய மூத்த பழைய மாணவிகள் பலர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது நோய்களின் வரலாறு. அதிலும் நெஞ்சறை நோய்களின் வரலாறு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் செய்துவரும் தொழில் அது. "அதையே எழுதுங்கோ. ஆனா படிக்கிற பிள்ளையளுக்கும் விளங்கக்கூடியதாய் எழுதுங்கோ" என்றார் மலராசிரியை. ஆகவே, சென்ற குளிர்காலத்தில் எமது வகுப்புத் தோழியர் மூவருடன் லண்டனில் ஒபெரா பார்க்கப் போன ஓர் இரவை முன்வைத்து எழுதுகிறேன். அந்த இரவில் பார்த்த கதைக்கு 170 ஆண்டு வரலாறு உண்டு. அதே இரவில் கேட்ட இன்னொரு கதை எமது வகுப்பறையின் வரலாறு. இரண்டும் ஒரே நோயைப் பற்றியவை.

நால்வர்

ஆண்டு ஆறிலிருந்து உயர்தரம் வரை ஒரே வாங்கு வரிசையில் இருந்தவர்கள் நாங்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தபோது அந்தச் சனத்துக்குள் நால்வரும் நான்கு இடத்தில் நடந்துகொண்டிருந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்து, கூரை ஒழுகிய அதே வகுப்பறையில் மறுபடி சேர்ந்திருந்தோம். உயர்தரத்தின் பின் சிதறியது சிதறியதுதான். ஒருத்தி ரொறன்ரோவில் வங்கியில் வேலை செய்கிறாள். ஒருத்தி யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. தம்பி குடும்பத்தைப் பார்க்க லண்டனுக்கு வந்திருந்தாள். ஒருத்தி லண்டனிலேயே கணக்காளர். நான் இங்கிலாந்தின் வடபகுதியில் மருத்துவமனை ஒன்றில் பணி செய்கிறேன். நால்வரும் ஒன்றாயிருந்து சாப்பிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

ஒபெராவுக்குப் போவோம் என்று சொன்னவள் லண்டன்காரி. ரிக்கற்றும் அவளே எடுத்து வைத்திருந்தாள். "கோயிலுக்குப் போவம், கடைக்குப் போவம் எண்டால் சரி. இதென்னடி ஒபெரா?" என்று ஆசிரியை கேட்டாள். கேட்டாலும் காஞ்சிபுரம் உடுத்து, அதற்கு மேல் தம்பியின் தடித்த குளிரங்கியைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முதல் வந்து நின்றாள். கைப்பையில் பயற்றம் பணியாரம். ரொறன்ரோக்காரி ஜீன்ஸுடன் வந்தாள். இரண்டு உடுப்பையும் அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டாலே நடக்கும் நாடகம்

கொவென்ற் கார்டனில் இன்றிருப்பது அந்த இடத்தில் கட்டப்பட்ட மூன்றாவது அரங்கு. முதலாவது 1732 இல் திறக்கப்பட்டு 1808 இல் எரிந்தது. அடுத்த ஆண்டே கட்டி எழுப்பிய இரண்டாவது 1856 இல் எரிந்தது. எட்வேர்ட் மிடில்ற்றன் பாரி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த இப்போதைய அரங்கு 1858 மே 15 இல் திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போரில் இது தளபாடக் களஞ்சியமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் படையினரும் பொதுமக்களும் ஆடும் நடன மண்டபம். 1946 பெப்ரவரியில்தான் மறுபடி கலையரங்காகியது. ஏறக்குறைய 2,250 பேர் இருந்து பார்க்கலாம். எங்கள் ஆசனங்கள் உச்சி மாடியில். கீழே பார்த்தால் சிவப்பும் பொன்னும் கலந்த ஒரு பெரிய கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

ஒபெரா பிறந்தது இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், 16 ஆம் நூற்றாண்டின் முடிவில். பண்டைய கிரேக்கர் தமது நாடகங்களைப் பாடியே நடித்தார்கள் என்று நம்பிய அறிஞர் சிலர் அதை மீட்டெடுக்க முயன்றார்கள். ஜாக்கொப்போ பேரி இசையமைத்த 'எயூரிடிச்சே' 1600 ஒக்ரோபரில் ஓர் அரச திருமணத்தை ஒட்டி அங்கே மேடையேறியது. 1607 இல் மாந்துவாவில் மொன்ரெவேர்டியின் 'ஓர்ஃபியோ'. இவை அரண்மனைக்காரருக்கு. காசு கொடுத்து எவரும் உள்ளே போகக்கூடிய முதலாவது ஒபெரா அரங்கு 1637 இல் வெனிசில் திறந்தது. அன்றிலிருந்து அது ஊர்ச்சனத்தின் கலையுமாகியது.

"அப்ப இது எங்கட கூத்துத்தானே" என்றாள் ஆசிரியை. அது சரிதான். கூத்துக்கு அண்ணாவியார்; இதற்கு வாத்தியக் குழுவின் முன்னே கோலுடன் நிற்பவர். கூத்தில் அரசன் தன் வரவைத் தானே பாடி வருவதுபோல, இங்கும் கோபம், காதல், கணக்கு வழக்கு எல்லாமே பாட்டு. விளக்கு அணையுமுன் கதைச் சுருக்கத்தை வாசித்த ஆசிரியைக்கு ஒரு மனத்தாங்கல். "எடி, சாகப்போறாள் எண்டு முதலே தெரிஞ்சா பிறகேன் மூண்டு மணித்தியாலம் இருந்து பாக்க வேணும்?"

"மயான காண்டத்திலை லோகிதாசனைப் பாம்பு கடிக்கும் எண்டு தெரியாமலோ சனம் வைரமுத்துவைப் பாக்க விடிய விடிய இருந்தது?" என்றாள் ரொறன்ரோக்காரி.

நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாகப் பாடியதை எங்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. அம்மம்மாமார் சொல்லக் கேட்டதுதான். ஆனாலும் அந்தப் பதிலுக்கு மறுபேச்சு இருக்கவில்லை.

வெனிசில் ஒரு தோல்வி

நாங்கள் பார்த்தது ஜுசெப்பே வேர்டி இசையமைத்த 'லா திராவியாற்றா'. வழி தவறியவள் என்று பொருள். ரிச்சர்ட் எயர் 1994 இல் இதே அரங்குக்காக நெறியாள்கை செய்த தயாரிப்பு. முப்பது ஆண்டுகளாக அதையே திரும்பத் திரும்ப மேடையேற்றுகிறார்கள்.

கதையின் வேர் ஓர் உண்மையான பெண். 1824 இல் பிரான்சின் நோர்மண்டியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுமியாகப் பாரிசுக்கு வந்து, செல்வந்தரின் ஆசைநாயகியாக வாழ்ந்தவள். பாரிசில் அவள் வைத்துக்கொண்ட பெயர் மரி டுப்ளெஸி. தானாகவே வாசிக்கப் பழகி, வீட்டில் ஒரு நூலகமே வைத்திருந்தாள். 1847 பெப்ரவரி 3 ஆம் நாள் காசநோயால் இறந்தாள். அப்போது அவளுக்கு 23 வயது. கடனுக்காக அவளுடைய பொருட்களை ஏலம் விட்டபோது பாரிசே திரண்டு பார்க்கப் போனது. அவளோடு பழகியிருந்த இளம் எழுத்தாளர் அலெக்சாந்தர் டுமா 1848 இல் அதை நாவலாக்கினார். 1852 இல் நாடகமாக்கினார். அதையே வேர்டி எடுத்து, பியாவே என்பவரைக் கொண்டு பாடல் எழுதுவித்து, கதாநாயகிக்கு வயலெற்றா என்று பெயரிட்டார்.

வேர்டி ஏன் இந்தக் கதையைத் தொட்டார்? அவருடைய இரு குழந்தைகளும் அடுத்தடுத்து இறந்தார்கள். 1840 இல் முதல் மனைவியும் இறந்தார். பின்னர் ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனி என்ற பாடகியுடன் திருமணம் செய்யாமலே வாழ்ந்தார். சொந்த ஊரார் அந்தப் பெண்ணை ஏற்கவில்லை. அவரைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆக, 'ஊர் என்ன சொல்லும்' என்ற கேள்வி வேர்டியின் வீட்டு வாசலிலேயே நின்றது. அவர்கள் திருமணம் செய்தது 1859 இல்.

1853 மார்ச் 6 ஆம் நாள் வெனிசின் லா ஃபெனீச்சே அரங்கில் முதல் மேடையேற்றம். தன் காலத்து உடையிலேயே நடக்கவேண்டும் என்பது வேர்டியின் விருப்பம். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. கதையை 1700 ஆம் ஆண்டளவுக்குப் பின்தள்ளினார்கள். வயலெற்றாவாகப் பாடிய ஃபனி சல்வினி டொனற்றெல்லி நல்ல குரல்வளம் உள்ளவர். ஆனால் வயது 38, உடம்பும் பருமன். நோய் தின்று மெலிந்தவள் என்று மருத்துவர் சொல்லும் கட்டத்தில் சபையில் சிரிப்பு எழுந்தது. மறுநாள் வேர்டி நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நேற்று தோல்வி என்றும், பிழை தன்னுடையதா பாடகருடையதா என்பதைக் காலம் சொல்லும் என்றும் எழுதினார். காலம் ஓராண்டில் சொல்லிவிட்டது. சில மாற்றங்களோடு 1854 மே மாதம் அதே வெனிசில் வேறோர் அரங்கில் மேடையேறியபோது பெருவெற்றி. 1856 மே மாதம் லண்டனுக்கு வந்தது.

ஃபெனீச்சே என்றால் பீனிக்ஸ் பறவை. அந்த அரங்கும் எரிந்து எரிந்து எழுந்தது. கடைசியாக எரிந்தது 1996 ஜனவரி 29 இல். அந்நாளில் நாங்கள் தென்மராட்சியில் யார் யார் வீட்டு விறாந்தையிலோ படுத்திருந்தோம். வெனிசில் எரிந்தது எங்கள் காதுக்கு எட்டியிருக்காது. திரும்பக் கட்டிய அரங்கில் 2004 இல் முதலில் மேடையேற்றிய ஒபெரா, அங்கே முதன்முதல் தோற்றுப்போன இதே 'லா திராவியாற்றா'.

ஒரு தந்தை வந்து கேட்கிறார்

முதல் அங்கம் விருந்து. இருமலை மறைத்துச் சிரிக்கும் வயலெற்றா, அல்பிரேடோ என்ற இளைஞனின் அன்பை முதலில் பகிடியாக்கி, பிறகு தனிமையில் அதை நினைத்துக் கலங்குகிறாள். இரண்டாம் அங்கத்தில் இருவரும் பாரிசுக்கு வெளியே ஒரு கிராமத்து வீட்டில். அவள் தன் உடைமைகளை விற்றுக் குடும்பம் நடத்துகிறாள். அவன் வெளியே போயிருந்த வேளை அவனுடைய தந்தை ஜெர்மொன்ற் வருகிறார்.

இந்தக் காட்சிதான் ஒபெராவின் நடுநாயகம். வந்தவர் கொடியவர் அல்லர், மரியாதையாகக் கதைக்கிறார். தனக்கு ஒரு மகள் இருக்கிறாள், தேவதை போன்ற பிள்ளை, அவளுக்குக் கலியாணம் பேசியாயிற்று, அண்ணன் இப்படி ஒரு பெண்ணோடு வாழ்ந்தால் அந்தச் சம்பந்தம் குழம்பிவிடும், ஆகவே நீ விலகிப் போ என்கிறார். தான் நோயாளி, தனக்கு வேறு யாரும் இல்லை என்று வயலெற்றா சொல்கிறாள். அவர் கண்ணிலும் நீர் வருகிறது. ஆனால் கேட்டதை அவர் விடவில்லை. கடைசியில் அவள் சம்மதிக்கிறாள். ஒரேயொரு வேண்டுதல்: உனக்காக ஒருத்தி தன் வாழ்வை விட்டுக்கொடுத்தாள் என்று அந்தத் தங்கைக்குச் சொல்லுங்கள் என்கிறாள்.

மேடைக்கு மேலே ஆங்கிலத்தில் ஓடிய மொழிபெயர்ப்பை வாசித்துக்கொண்டிருந்த ஆசிரியை, "இது எங்கட ஊர்க் கதையடி" என்று மெல்லச் சொன்னாள். அவளுக்கு அடுத்து இருந்த லண்டன்காரி ஒன்றும் சொல்லவில்லை.

இடைவேளை

இரண்டாவது இடைவேளையில் நால்வரும் வெளியே ஒரு மூலையில் நின்று பயற்றம் பணியாரம் சாப்பிட்டோம். லண்டன்காரி தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "நான் இதைப் போன வருசம் வேலையிடத்து ஆக்களோட வந்து பாத்தனான். உங்களோட இருந்து ஒருக்காப் பாக்கவேணும் எண்டு நினைச்சனான்" என்றாள். பிறகு சொன்னாள்.

1994 இல், ஆண்டு ஒன்பதில், அவள் இரண்டு மாதமளவில் பள்ளிக்கூடம் வரவில்லை. நெருப்புக்காய்ச்சல் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு அவளுக்கு ஒட்டிய பட்டப்பெயர் ஞாபகமிருக்கும். உயர்தரம் முடியும் வரை, பிரியாவிடை ஓட்டோகிராஃபில்கூட, அவள் 'நெத்தலி' தான். அந்தப் பெயரை முதலில் வைத்தவள் நான்.

"அது நெருப்புக்காய்ச்சல் இல்லையடி. சயரோகம்."

அப்போது அவளுடைய பெரியக்காவுக்குப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. சின்னக்காவும் அடுத்து இருந்தா. அந்தக் குடும்பத்தில் சயரோகம் உண்டு என்று ஒரு சொல் வெளியே போனால் இரண்டு பேருடைய கலியாணமும் நின்றுவிடும். "வாயைத் திறக்காதை. கொக்காவின்ர வாழ்க்கை" என்று தாய் சொல்லியிருந்தா. மருந்துத் தட்டுப்பாடான காலம். அடுத்த ஊர் ஆசுப்பத்திரிக்கு விடியமுன்னம் சைக்கிள் பாறில் ஏற்றிக்கொண்டு போவது தகப்பன். குளிசைகள் கொம்பாசுப் பெட்டிக்குள் இருந்தன. வீட்டில் அவளுக்குத் தனிக் கோப்பை, தனித் தம்ளர். மாறி இரண்டு ஆண்டு சென்ற பிறகும் அந்தக் கோப்பை மாறவில்லை.

"சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போகும். பள்ளிக்கூடத்திலை எல்லாரும் போகுமட்டும் நிண்டு, ரெண்டு வாளி தண்ணி ஊத்திப்போட்டுத்தான் வருவன். கண்ணீரும் நிறம் மாறும் எண்டு கிளினிக்கிலை நேர்ஸ் அக்கா சொன்னவ. அதாலை அழவும் பயம்."

ரிபாம்பிசின் என்ற மருந்தின் இயல்பு அது. தீங்கற்றது. ஒவ்வொரு கிழமையும் யாரோ ஒரு நோயாளிக்கு நான் சொல்லும் வசனம் அது. மூன்று வாங்கு தள்ளி அல்ல, என் தோளோடு தோள் இருந்தவள் அந்தக் குளிசையைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு முப்பது ஆண்டுகளாகத் தெரியாது. மார்புநோய்தான் என் துறை என்று நான் பெருமையாகச் சொன்னபோதெல்லாம் அவள் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள்.

"அந்தக் கிழவன் பாட்டாய்ப் பாடினதை எங்கட அம்மா பாடாமல் சொன்னவ. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். தாயைக் குறை சொல்லும் குரல் அல்ல அது. அந்தத் தாய் இரண்டு மகள்மாரைக் கரைசேர்த்தா, மூன்றாவது மகளை உயிரோடு காப்பாற்றினா. ஆறு மாத மருந்தில் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. மணி அடித்தது. உள்ளே போனோம்.

மூன்றாம் அங்கமும் மருத்துவமும்

மூன்றாம் அங்கத்தில் வயலெற்றா படுக்கையில். வெளியே பாரிஸ் திருவிழாக் கொண்டாட்டத்தில் இருக்கிறது. கையில் மிச்சம் இருப்பது இருபது பொற்காசு. அதில் பத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடு என்று பணிப்பெண் அனினாவிடம் சொல்கிறாள். மருத்துவர் கிரென்வில் வருகிறார். குணமாகும் நாள் தூரத்தில் இல்லை என்று நோயாளியிடம் சொல்கிறார். வாசலில் அனினாவிடம் குரலைத் தாழ்த்தி, இன்னும் சில மணித்தியாலந்தான் என்கிறார். ஒரு மருத்துவராக அந்த இடத்தில் எனக்கு ஆசனத்தில் இருக்க முடியவில்லை. ஆனால் கிரென்வில்லைக் குறை சொல்வதும் எளிதல்ல. 1853 இல் அவருடைய பையில் என்ன இருந்தது? நெஞ்சுக்குழாய் இருந்திருக்கும். அதை 1816 இல் கண்டுபிடித்த லெனெக் என்ற பிரெஞ்சு மருத்துவரே பத்தாண்டு கழித்துக் காசநோயால்தான் இறந்தார். நோயைக் கேட்டறிய முடிந்தது, தீர்க்க முடியவில்லை.

அந்நாளில் வட ஐரோப்பாவில் பலரும் இதைப் பரம்பரை நோய் என்று நம்பினர். தெற்கே இத்தாலியிலும் ஸ்பெயினிலும் தொற்றுநோய் என்று அஞ்சினர். பரம்பரை என்றால் அந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கக்கூடாது. தொற்று என்றால் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது. எங்கள் ஊரில் இரண்டு அச்சமும் ஒன்றாக வாழ்ந்தன.

1882 மார்ச் 24 இல் றொபேர்ட் கொக் என்ற மருத்துவர் பெர்லினில் ஒரு கூட்டத்தில், இந்த நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமி என்று நிறுவினார். அந்த நாளையே இன்று உலகக் காசநோய் தினமாகக் கொள்கிறோம். பரம்பரை என்ற கதை அன்றே முடிந்திருக்கவேண்டும். மருந்து வர மேலும் அறுபது ஆண்டு சென்றது. 1943 இல் அமெரிக்காவில் செல்மன் வக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில் அல்பேர்ட் ஷற்ஸ் என்ற மாணவர், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ரெப்ரோமைசினைப் பிரித்தெடுத்தார். பிரித்தானியாவில் அதைப் பரிசோதித்து 1948 இல் வெளியிட்ட ஆய்வு மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் ஆறு மாதத்தில் 14 பேர் இறந்தார்கள். மருந்தும் பெற்ற 55 பேரில் நால்வர். ஆனால் ஒரு மருந்தைத் தனியே கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்பதையும் அந்த ஆய்வே காட்டியது. அதனால்தான் இன்று நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தொடங்கி, மொத்தம் ஆறு மாதம் கொடுக்கிறோம்.

நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லும் இன்னோர் ஆய்வு சென்னையில் நடந்தது. நோயாளரைச் சானற்றோரியத்தில் ஒதுக்கி வைத்தால்தான் மாறும், வீட்டிலுள்ளோரும் தப்புவர் என்று உலகம் நம்பிய காலம். 1956 இல் தொடங்கிய அந்த ஆய்வில், சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளரில் ஒரு பகுதியினரைச் சானற்றோரியத்திலும் மறுபகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959 இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதேயளவுக்குக் குணமடைந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்த உறவினருக்குக் கூடுதலாக நோய் வரவுமில்லை. அதன் பிறகு உலகெங்கும் சானற்றோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அதாவது, என் தோழியின் தனிக் கோப்பைக்கு 1994 இல் எந்த மருத்துவ நியாயமும் இருக்கவில்லை. காசநோய் காற்றால் பரவுவது. கோப்பையாலும் தம்ளராலும் அல்ல. சரியான மருந்து தொடங்கி ஏறக்குறைய இரண்டு கிழமையில், பெரும்பாலானோரிடமிருந்து பரவும் அபாயம் மிகக் குறைந்துவிடும். மறைத்ததால் நேர்ந்த கேடு வேறு. நோயுள்ளவரோடு நெருங்கிப் பழகியோரைத் தேடிப் பரிசோதிப்பது முறை. அவளோடு ஒரே வாங்கில் இருந்த எங்களை ஒருவரும் பரிசோதிக்கவில்லை. நெருப்புக்காய்ச்சல்காரிக்கு அது தேவையில்லையே. நல்லகாலம், எங்களில் எவருக்கும் வரவில்லை.

மேடையில் ஜெர்மொன்றின் கடிதத்தை வயலெற்றா வாசிக்கிறாள். ஒபெரா முழுவதும் பாடியவள் இந்த இடத்தில் பாடாமல், பேச்சுக் குரலில் வாசிக்கிறாள். தந்தை மனம் மாறிவிட்டார், மகனும் வந்துகொண்டிருக்கிறான். வந்தும் விடுகிறான். கடைசிக் கணத்தில் நோவெல்லாம் போய்ப் புது உயிர் வந்ததுபோல் எழுந்து நிற்கிறாள், அப்படியே விழுகிறாள். முற்றிய காசநோயில் இப்படி ஒரு திடீர் உற்சாகம் வருவதை அக்கால மருத்துவரும் குறித்து வைத்திருக்கிறார்கள். இந்த அழகான மரணத்தின் மேல் எனக்கு ஒரு தொழில்முறைக் கோபம் எப்போதும் உண்டு. உண்மையான நோயில் அழகு இல்லை. இருமலும் வியர்வையும் சளியில் இரத்தமும்தான். ஆனால் அன்று எனக்குக் கோபம் வரவில்லை. வயலெற்றாவுக்கு மருந்து இருக்கவில்லை. அதற்கு யாரும் பொறுப்பில்லை. அவள் தனியே கிடந்து இறந்ததற்கு ஆட்கள் பொறுப்பு. வேர்டி அதைத்தான் இசையாக்கியிருக்கிறார் என்று அன்றுதான் விளங்கியது.

நால்வரும் அழுதோம். "இப்ப நிறம் இல்லையடி" என்று லண்டன்காரி கண்ணைத் துடைத்துக் காட்டினாள்.

வீடு திரும்பும் வழியில்

சுரங்க ரயிலில் ஆசிரியை என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள். "எதைக் கண்டா நான் யோசிக்கவேணும்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலையில் வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் நிறை குறைதல், பசியின்மை. இவை இருந்தால் அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பவேண்டும். இலங்கையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்தை இடையில் நிறுத்தக்கூடாது. நோய் வந்த பிள்ளை மாறித் திரும்பி வந்தால் அவளுடைய பழைய இடத்திலேயே இருத்தவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023 இல் மட்டும் இந்த நோயால் 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள். மருந்து கண்டுபிடித்து எண்பது ஆண்டு சென்ற பின்னும் இந்த நிலை. வறுமை ஒரு காரணம். வாயைத் திறக்காதே என்பது இன்னொன்று.

இறங்கும் இடம் வந்ததும் நான் லண்டன்காரியிடம் அந்தப் பட்டப்பெயருக்காக மன்னிப்புக் கேட்டேன். "விடடி. நெத்தலி எண்டு கூப்பிட்டதாலைதான் ஒருத்தரும் வேற மாதிரி யோசிக்கேல்லை" என்று சிரித்தாள். நூற்றாண்டு மலருக்கு இதை எழுதலாமா என்று சில நாட்களின் பின் தொலைபேசியில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அக்காமார் இருவருக்கும் இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், அம்மாவும் காலமாகிவிட்டா, இனி யாருக்குப் பயப்பட இருக்கிறது என்றாள். பிறகு, "பெயரைப் போடாதை. ஆனா நெருப்புக்காய்ச்சல் இல்லை எண்டு எழுது" என்றாள்.

1994 இல் எம்மோடு ஆண்டு ஒன்பதில் இருந்தவர்கள் உலகெங்கும் இருந்து இதை வாசிப்பீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்கு வந்தது நெருப்புக்காய்ச்சல் அல்ல. காசநோய். ஆறு மாதம் மருந்து எடுத்தாள், மாறிவிட்டது. அடுத்தமுறை அவளைக் காணும்போது அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.